இடுப்புக் குறடு

தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கமாய்த் தள்ளி உட்காருங்க. இடம் பற்றாமல் சொல்லவில்லை. என் இடுப்பில் இருக்கிற சாமான் உங்கள் விலாவில் குத்தும். போன மாதம் ஒரு கண்டக்டர் இதைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, துப்பாக்கியா?" என்று கேட்டான். "துப்பாக்கிதான், பாக்கிச் சில்லறை தராதவனச் சுடுறதுக்கு" என்றேன். மறுபேச்சில்லாமல் சில்லறையைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கு உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் உறைதான். இன்றைக்கு இருக்கு. மடக்குக் குறடு. ஆபீசில் மல்டி டூல் என்பார்கள், எங்கள் வாய்க்கு மடக்குக் குறடுதான். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரித்தால் குறடு. கைப்பிடி ரெண்டுக்குள்ளும் கத்தி, திருப்புளி, அரம், சின்ன ரம்பம் எல்லாம் மடங்கிப் படுத்துக்கிடக்கும். எடுத்துக் காட்டுவேன். ஆனால் ஓடுகிற பஸ்ஸில் எடுக்க வேண்டாம். அதற்குக் காரணம் இருக்கு, சொல்கிறேன்.

உங்களுக்கு எதுவரைக்கும்? திருநெல்வேலியா. நான் பணகுடி. ஊருக்குள் போகிற வண்டிதானே இது? தோவாளையில் ஏறும்போதே கேட்டுத்தான் ஏறினேன், இருந்தாலும் இவர்களை நம்ப முடியாது, பைபாசிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

அட, டிக்கெட் விழுந்துவிட்டது. எடுத்துக் கொடுங்க. இதெல்லாம் ஒரு காகிதமா? வெங்காயத் தோல் மாதிரி இருக்கு. கையில் எப்படி நிற்கும்? நீங்களே வைத்திருங்க, செக்கர் வந்தால் காட்டலாம்.

ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன். சட்டையைப் பார்த்தாலே தெரியுமே. ஆனால் சாப்பிடப் போகவில்லை. ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்கும்போது, அவனுடைய சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, இந்தக் குறடு இருக்கு பாருங்க, இதைக் கையில் தூக்கிப் பிடித்து, "லேய் அடியான், இதுக்க கயித்த அவுத்தது யாருடே?" என்று கேட்கப் போகிறேன். அவ்வளவுதான். கேட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

அடியான் என்பது பெண்ணின் தகப்பன். முழுப் பேர் ஏசுவடியான். அவனும் நானும் ஜோடி. ஜோடி என்றால் எங்கள் வேலையில் ஒரு கணக்கு. ஆரல்வாய்மொழி தாண்டினதும் ரெண்டு பக்கமும் காத்தாடி நிற்கும் பாருங்க, காற்றில் கரண்டு எடுக்கிறது, அதில் ஏறிப் பழுது பார்க்கிற ஆட்கள் நாங்கள். தனியாக ஒருத்தன் ஏறக் கூடாது, ரெண்டு பேராகத்தான் ஏறணும். அந்த ரெண்டு பேர் வருசக்கணக்காய் அதே ரெண்டு பேராகத்தான் இருப்பார்கள். "எங்கூட வாழ்ந்தத விட அவங்கூடத் தொங்குனதுதான் அதிகம்" என்று பூரணம் சொல்லுவாள். பூரணம் என் வீட்டுக்காரி. அவள் நேற்றே கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாள். கூடப்பிறந்தவன் வீட்டுக் கல்யாணம் மாதிரி, ரெண்டு சேலை எடுத்துவைத்துக்கொண்டு. அது வேறு வயிற்றெரிச்சல், அதுக்குப் பொறவு வருகிறேன்.

இந்தக் குறடு எனக்குக் கொடுத்ததே அடியான்தான். அவன் மச்சினன் துபாயிலிருந்து ஒன்றே ஒன்று கொண்டுவந்தான். அடியான் அதை ஒரு நாள்கூட இடுப்பில் வைக்கவில்லை. "அண்ணே, எனக்கு எதுக்கு? நாந்தான் எப்பவும் உங்க பக்கத்துல இருக்கேனே, வேணுங்கறப்ப வாங்கிக்கிடுதேன்" என்று கொடுத்தான். நான் வடசேரியில் ஒரு ஆளிடம் கொடுத்து உறை தைத்தேன். நல்ல தடிமனான எருமைத் தோல். மூடிக்குப் பிரஸ் பட்டன். அதைப் பெல்ட்டில் கோத்தேன் பாருங்க, அன்றிலிருந்து குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர இறங்கினது கிடையாது. கோயிலுக்கு, சாவுக்கு, ரேஷன் கடைக்கு, எல்லாத்துக்கும் கூட வரும். மூத்த மகன் குவைத்துக்குப் போனபோது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் உள்ளே போய் வழியனுப்பச் சீட்டு வாங்கியிருந்தோம். வாசலில் நின்ற போலீஸ்காரன், இதைக் கொடுத்துவிட்டு உள்ளே போ என்றான். "மகன வேணும்னா நீங்களே வச்சிக்கிடுங்க சார், இதத் தர முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டேன். அவன் போன பிளேன் எது என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லாப் பிளேனுக்கும் கை காட்டினேன். பூரணம் ரெண்டு நாள் பேசவில்லை.

பைத்தியம் என்று நினைப்பீங்க. ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பிள்ளை விரலில் மோதிரம் இறுகி, விரல் கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. நகைக் கடைக்காரன் கைவிட்டதை நான் இதிலுள்ள அரத்தால் அறுத்து எடுத்தேன். இன்னொரு தடவை... வேண்டாம், பணகுடி வந்துவிடும்.

வழக்கத்தைச் சொல்லணும். அது தெரியாமல் உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்காது. காத்தாடியில் ஏறுவதற்கு முன்னால் அடியில் ரெண்டு பேரும் எதிரெதிரே நிற்போம். தன் பெல்ட்டைத் தான் பார்க்கக் கூடாது. என் பெல்ட்டை அவன் பார்ப்பான், அவன் பெல்ட்டை நான் பார்ப்பேன். தோள் வார், தொடை வார், கொக்கி, இடுப்பில் இருக்கிற சாமான், ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்க்கணும். பார்த்துவிட்டு "சரி" என்று வாயைத் திறந்து சொல்லணும். தலையாட்டினால் செல்லாது. ம் என்றால் செல்லாது. அவன் சரி என்று சொன்ன பொறவு, என் உயிர் என் இடுப்பில் இல்லை, அவன் வாயில் இருக்கு. நம் கண் நம்மையே ஏமாற்றும், அடுத்தவன் கண் ஏமாற்றாது என்று வைத்த வழக்கம். அடுத்தவனே ஏமாற்றினால் என்ன செய்ய என்று வைத்தவனுக்குத் தோன்றவில்லை.

சாமானுக்கும் அப்படித்தான். கையில் எடுக்கிற எந்தச் சாமானும் பெல்ட்டில் கயிறு போட்டுக் கட்டியிருக்கணும். இந்தக் குறட்டுக்கு வாலில் ஒரு வளையம் இருக்கு. நைலான் கயிறு, ஒரு நுனி பெல்ட்டில், ஒரு நுனி வளையத்தில். கை விட்டாலும் கயிறு விடாது, அந்தரத்தில் ஆடும். ஏன் என்றால் அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு சின்ன ஆணி விழுந்தாலும் கீழே நிற்கிறவன் மண்டைக்குள் போய்விடும். அதனால் எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம். சாமான் விழுந்தால் ஆள் இறங்கணும். அன்றைக்கு மட்டும் இல்லை, அதோடு சரி. அப்புறம் அவன் ஏற முடியாது. கீழே கேட்டிலோ ஸ்டோரிலோ உட்கார வைத்துவிடுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால் கேட்டும் இல்லை, ஸ்டோரும் இல்லை. தங்கப்பழம் என்று எங்களோடு ஒருத்தன் இருந்தான். தலை சுற்றுது என்று எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். இப்போது பூக்கடையில் மூட்டை தூக்குகிறான். தலை சுற்றுகிறவனுக்கு மூட்டை தூக்குகிற வேலை.

இதோ பாருங்க, ஆரல்வாய்மொழி தாண்டிவிட்டோம். அந்தா தெரிகிறதா, கரண்டு டவர் மாதிரி கம்பிச் சட்டத்தில் நிற்கிறது? புதுசெல்லாம் குழாய் மாதிரி, உள்ளுக்குள் ஏணி. பழசு திறந்த சட்டம். காற்று நம் சட்டைக்குள் நுழைந்து நம்மையே தூக்கப் பார்க்கும். அதில்தான் எங்கள் வேலை. அந்த மூன்றாவது இருக்கு பாருங்க, றெக்கையில் காவி படிந்தது. அதுதான்.

சங்கதி எங்கே தொடங்கினது என்றால், பங்குனியில். சீசனுக்கு முந்தின சர்வீஸ். வைகாசியில் காற்று கிளம்பிவிட்டால் காத்தாடியை நிறுத்த விட மாட்டார்கள், அதனால் பங்குனி சித்திரையில் விழுந்து விழுந்து வேலை பார்ப்போம். அன்றைக்கு ஏறினோம். வழக்கப்படி நான் அவன் கொக்கியைப் பார்த்தேன், சரி என்று சொன்னேன். ஏணியில் பாதி ஏறினதும் ஒரு தட்டு இருக்கும், நின்று மூச்சு வாங்க. நான் முதலில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவன் வந்தான். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. தட்டில் உட்கார்ந்து கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கொக்கி வாய் தெறந்து கெடந்திச்சு" என்றான்.

"ஏறுறப்பத் தட்டியிருக்கும்டே" என்றேன்.

"நீங்க இழுத்துப் பாத்தீகளா?"

"பாக்காமலா சரின்னேன்?"

அவன் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் இழுத்துத்தான் பார்த்தேன் தம்பி. கை வைத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கு. வலது கை. அந்தச் சமயம் வலது கை விரல் மூன்றும் கொஞ்சம் மரத்தாற்போல இருந்தது. காலைக் காற்றுக்கு அப்படித்தான் இருக்கும், எல்லாருக்கும் இருக்கும். மரத்த கையில் இழுத்தாலும் இழுத்தது இழுத்ததுதானே?

ஆனால் அன்றிலிருந்து அவன் ஒரு காரியம் செய்தான். நான் அவனுக்குப் பார்த்துச் சரி சொன்ன பொறவு, திரும்பி நின்று, தன்னுடையதைத் தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொள்வான். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. எனக்குக் கேட்கும். கொக்கி வாய் மூடுகிற சத்தம் எனக்கு நூறு சத்தத்துக்கு நடுவிலும் கேட்கும். எவ்வளவு பெரிய அவமானம் பாருங்க. என் சரிக்கு மேலே அவன் ஒரு சரி போடுகிறான். அன்றைக்கே நான் உஷாராகியிருக்கணும்.

இத்தனைக்கும் தை மாதத்திலிருந்து என் குறட்டுக்கயிற்றை அவன்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். என் விரலுக்கு ஏலாமல் இல்லை. அந்த நைலான் கயிறு புதுசில் வழுவழு என்று இருக்கும், அவன் ரெட்டை முடிச்சு போட்டால் இறுகி நிற்கும், அதனால் அவனிடம் விட்டேன். "அண்ணே, இங்க காட்டுங்க" என்பான். இடுப்பைக் காட்டிக்கொண்டு நிற்பேன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி.

சித்திரை கடைசியில் இன்னொன்று நடந்தது. நான் இல்லாத நேரமாய்ப் பார்த்து அவன் தோவாளையில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். பூரணம் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பி வரும்போது ரெண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கு. "யாரு வந்தா?" என்றேன். "அடியான் தம்பி வந்தாவ" என்றாள். "எதுக்காம்?" "சும்மாத்தான்." சும்மா வருகிறவன் நான் இருக்கும்போது வர வேண்டியதுதானே? அவள் கண் வேறு சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கினாளாம். அன்றைக்கு எங்கள் வீட்டில் கருவாடும் பழைய சோறும்தான். எந்தக் கருவாட்டுக்கு வெங்காயம்?

அதே வாரம் அவள் ஒரு ராகம் எடுத்தாள். கையைக் காட்டுங்க, டாக்டரிடம் போங்க என்று. நான் ஒரு டம்ளரைக் கீழே போட்டுவிட்டேனாம். சோப்பு சரியாய்க் கழுவாத டம்ளர், யார் பிடித்தாலும் வழுக்கும். இன்றைக்கு இந்தச் சட்டைக்குப் பட்டன்கூடப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் போட்டேன். தையல்காரன் ஓட்டையைச் சின்னதாய் வைத்துவிட்டான், அதற்கு நான் என்ன செய்ய? சொன்னால் விரல் விரல் என்பாள். போன ஆனியில் அவள் தொல்லை பொறுக்காமல் நாகர்கோவிலுக்குப் போனேன். விரலைக் காட்டினால் அந்த டாக்டர் கழுத்தைப் படம் எடுக்கிறார். கழுத்தில் நரம்பு அமுங்கியிருக்காம், ரொம்ப நாளாய் இருந்திருக்குமாம். விரலுக்குப் போனவனிடம் கழுத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

சரி, அந்த நாள். வைகாசி பிறந்து கொஞ்ச நாள்தான். காற்று லேசாய்க் கிளம்பியிருந்தது. அந்த மூன்றாவது காத்தாடிக்குப் போனோம். அங்கே மாசானம் என்று ஒரு வாச்மேன், எப்போதும் டவர் அடியிலேயே நிழல் பார்த்து உட்கார்ந்திருப்பான். அடியான் அவனிடம் போய், "மாசானம் அண்ணே, ரோட்டுக் கடைக்குப் போயி டீ வாங்கிட்டு வாங்க" என்றான். அவன் ஏறுகிற நாளில் டீ குடிக்கவே மாட்டான், வயிற்றைப் பிரட்டும். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மாசானத்தின் பைக் டவருக்கு ஒட்டி நின்றது, அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். "நடந்து போறேம்டே, ரெண்டு எட்டுதான்" என்று மாசானம் சொல்ல, "இல்லண்ணே, வண்டிய எடுத்துட்டே போங்க" என்று நின்றான். எனக்கு அப்போதே மனசுக்குள் உறுத்தியது. இன்னொன்று, சேஃப்டி ஆபீசர் அன்றைக்கு என்னவோ ஜீப்பைக் கொண்டுவந்து ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால்கூட வராத மனுசன்.

எதிரெதிரே நின்றோம். நான் அவனுக்குப் பார்த்தேன். சரி என்றேன். அவன் எனக்குப் பார்த்தான். தோள் வாரை இழுத்தான். தொடை வாரை இழுத்தான். கொக்கியை என்றைக்கும் ஒரு தடவை இழுப்பவன் அன்றைக்கு மறுபடி மறுபடி இழுத்தான். கடைசியில் உறைக்கு வந்தான். உறையில் அவன் கை ரொம்ப நேரம் இருந்தது. நான் மேலே றெக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜோடி கை வைத்திருக்கும்போது குனிந்து பார்க்கிறது மரியாதை இல்லை. "என்னடே, முடிச்சா போடுத, மாலையா கட்டுத?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. மூடிப் பட்டனை அழுத்திவிட்டு "சரிண்ணே" என்றான்.

ஏறினோம். உச்சிக்கெல்லாம் போகவில்லை. ரெண்டு பனை உயரம் இருக்கும், பாதியில் இருக்கிற அந்தத் தட்டு. அங்கே நின்றான். "அண்ணே, இந்தப் போல்ட்டு லூசாக் கெடக்கு, உங்க குறடு குடுங்க" என்றான். நான் பார்த்தேன். என் கண்ணுக்கு லூசாகத் தெரியவில்லை. ஆனாலும் ஜோடி கேட்டால் கொடுக்கணும். பட்டனை எடுத்துவிட்டு உறைக்குள்ளிருந்து உருவினேன். அவனை நோக்கி நீட்டினேன்.

தம்பி, அந்த இடத்தில் என்ன நடந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. கையில் இருந்தது. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பார்த்தால் இல்லை. கம்பியில் ஒரு அடி, இன்னொரு கம்பியில் ஒரு அடி, அப்புறம் கீழே சரளைக் கல்லில் ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுக்குள் இருக்கு. கயிறு மட்டும் என் இடுப்பிலிருந்து தொங்கிக்கொண்டு காற்றில் ஆடுது. நுனியைப் பிடித்துப் பார்த்தேன். அறுந்த கயிறு என்றால் பிசிறு பிசிறாய் நிற்கும். இது பிசிறே இல்லை. முடிச்சு கிடந்த சுருக்கம் மட்டும் அப்படியே இருக்கு. அவிழ்த்த கயிறு. கடைசியாய் அதைத் தொட்ட கை யாருடைய கை? நீங்களே சொல்லுங்க.

சாமான் விழுந்தால் யாராய் இருந்தாலும் குனிந்து கீழே பார்ப்பான் இல்லையா? அவன் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரித்த கை விரித்தபடி இருந்தது, அதைப் பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது. வேசம். "எறங்குவோம்ணே" என்றான். எனக்குக் கீழே அவன் இறங்கினான். ஒவ்வொரு படியிலும் என் காலைப் பிடித்து அடுத்த படியில் வைத்தான். திருடனைப் பிடித்துக் கொண்டுவருகிற மாதிரி, கீழ் வரைக்கும் விடவில்லை.

ஆபீசர் வந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடி வந்த மாதிரியும் இல்லை, நடந்துதான் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனிடம் கேட்டார்.

"கயிறு கட்டியிருந்தாரா?"

"இல்ல சார்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் சார். கட்டல. பாத்தும் சரின்னுட்டேன். எம்மேலயும் தப்புதான்."

நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பாத்தும் சரின்னுட்டேன் என்று சொன்னதற்கு அவனையும் அந்த சீசன் முடிகிற வரைக்கும் ஏற விடவில்லை, ஸ்டோரில் கிரீஸ் டப்பா அடுக்க வைத்தார்கள். அது அவன் தலையெழுத்து. பொய் சொன்னவனுக்கு அதுவாவது கிடைத்ததே என்று இருந்தேன்.

என்னைக் கேட்டில் உட்கார வைத்தார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். காற்று அளக்கிற கருவி இருக்கு, அதைப் பார்த்து, மேலே இருக்கிறவர்களுக்கு வாக்கி டாக்கியில் சொல்லணும். காற்று ஏறுது, இறங்கு. காற்று தணிஞ்சிருக்கு, வேலையைப் பார். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது என்று பூரணம் சொல்லிக் காட்டுகிறாள். "தங்கப்பழம் அண்ணன் மாதிரி மூட்டையா தூக்குதிய?" என்கிறாள். எதற்கு எதை உவமை சொல்கிறாள் பாருங்க. அவனுக்குத் தலை சுற்றல். எனக்கு என்ன?

அடியான் இப்போது வேறு ஆளோடு ஏறுகிறான். மேலேயிருந்து குரல் வரும். "அண்ணே, காத்து எப்படி?" என்று. நான் கருவி காட்டுவதை மட்டும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ரெண்டு வருசம் ஆச்சு. நான் இறங்கு என்றால் எதற்கு என்று கேட்காமல் இறங்கிவிடுவான். கருவியில் காற்று ஏறுகிறதுக்கு முன்னாடியே எனக்குக் காதில் தெரிந்துவிடும், கம்பிச் சட்டம் பாடுகிற பாட்டு மாறும். ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால்? இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நான் அந்த மாதிரி ஆள் இல்லை, பார்த்துக்கிடுங்க.

விழுந்த அன்றைக்கு ஆபீசர் எடுத்துக்கொண்டு போன குறட்டுக்கு என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. வெறும் உறையையே மாட்டிக்கொண்டு அலைந்தேன். போன வாரம் பூரணம் கல்யாணப் பத்திரிகையோடு இதைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அடியான் கொடுத்துவிட்டானாம். மூக்கு வளைந்திருந்ததை நிமிர்த்தியிருக்கிறான். கத்தி உடைந்த இடத்தை அரம் போட்டுத் தேய்த்திருக்கிறான். வளையத்தில் புதுக் கயிறு. ரெட்டை முடிச்சு. அவன் முடிச்சுதான், எனக்குத் தெரியாதா? என்ன நக்கல் பாருங்க. அவிழ்த்தவனே கட்டி அனுப்புகிறான். "வர மாட்டேன்னு சொல்லு" என்றேன். அவள் வாசலுக்குப் போய் முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ஒரு நாளு உங்களுக்கே வெளங்கும்" என்றாள். என்ன விளங்கணும்? எல்லாம் விளங்கித்தான் கிடக்கு. என் ஜோடி, என் பெண்டாட்டி, ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அதைவிட என்ன விளங்கணும்?

என்ன கேட்டீங்க? கீழே யாருக்கும் அடிபட்டதா என்றா?

இல்லை. யாருக்கு அடிபட? கீழே யாருமே இல்லையே. மாசானம் டீ வாங்கப் போயிருந்தான். பைக்கைக்கூட... ஆமாம். அதைத்தான் முதலிலேயே சொன்னேனே. ஆபீசரும் தள்ளி ரோட்டோரம்தான். ஒரு நாய்கூடக் கிடையாது அங்கே.

ம்.

தற்செயலாய்த்தான் இருக்கும்.

காவல்கிணறு போய்விட்டதா? பேச்சுச் சுவாரசியத்தில் கவனிக்கவே இல்லை. அவன் அந்தக் குறட்டை உச்சியில் போய்க் கேட்டிருக்கலாம். ரெண்டு பனை உயரத்தில் கேட்டான். அங்கே சாமான் விழுந்தால், பதறிப்போனவன் இறங்க வேண்டிய ஏணி கம்மி, அவ்வளவுதான் வித்தியாசம். சரி, அதை விடுங்க. என் விரலைப் பார்க்காதீங்க தம்பி. விரலில் ஒன்றும் இல்லை. விரலை விடுங்க. கயிறுதான் கேள்வி. கயிற்றை அவிழ்த்தது யார்? அதற்கு அவன் பதில் சொல்லட்டும், அவன் மகள் முன்னால் சொல்லட்டும். அந்தப் பிள்ளையை நான் தோளில் தூக்கி வைத்துக் காத்தாடி காட்டியிருக்கிறேன். "பெரியப்பா, அது ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?" என்று கேட்கும். இன்றைக்கு அதற்குக் கல்யாணம்.

கேட்கத்தான் போகிறேன். மேடையில் கேட்கலாம். இல்லை என்றால் அவன் மட்டும் தனியாய் வாசலில் நிற்கும்போது கேட்கலாம். எங்கே கேட்டாலும் கேள்வி கேள்விதானே.

பணகுடி வந்துவிட்டது. ஆமாம் கண்டக்டர், ஒரு ஆள் இறங்கணும், விசில் அடிச்சிராதீங்க. தம்பி, டிக்கெட்டை நீங்களே வைத்துக்கிடுங்க, எனக்கு இனிமேல் எதுக்கு.

இரு இரு. இந்த மூடி திறந்து கிடக்கு. எப்போது திறந்தது? பட்டன் அழுந்த மாட்டேன் என்கிறது. ரெண்டு வருசம் வெறுமனே கிடந்த தோல், விறைத்துவிட்டது. இறங்குகிற நெரிசலில் சாமான் விழுந்துவிட்டால்? கொஞ்சம் அழுத்திவிடுங்க. ஆங், அந்தப் பட்டன்தான். கட்டை விரல் வைத்து நல்லா அழுத்துங்க.

கயிற்றையும் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்க. அவனாய் இருந்தால் நான் கேட்க வேண்டியதே இல்லை, நான் எழுந்திருக்கும்போதே இழுத்துப் பார்த்திருப்பான்.

தலையாட்டினால் செல்லாது தம்பி. வாயைத் திறந்து சொல்லணும். சரி என்று சொல்லுங்க, நான் இறங்குகிறேன்.